சோதனையில் துலங்கிய விசுவாசம்
புனித தேவசகாயத்தின் வாழ்க்கை வரலாறு



ஜூபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. இத்தனை ஆண்டுகளாக நம் பங்கை வழிநடத்தி வந்த இறைவனுக்கு நாம் நன்றிப் பாடல் பாடுகிறோம். ஆனால் பாடுகிற கூட்டத்திற்குள்ளேயே பாட முடியாமல் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பங்குப் பணி செய்கிற எந்தக் குருவும் அறிவார். மழை பொய்த்து மானாவாரி நிலம் காய்ந்து கிடக்கும் ஆண்டில் உழவர் வானத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். நூல் விலை ஏறி விசைத்தறி நின்றுபோன வாரத்தில் நெசவாளரும் அதே கேள்வியைக் கேட்கிறார். பெற்ற பிள்ளையைக் கல்லறையில் வைத்துவிட்டு வீடு திரும்பிய தாய், அதை வாய்விட்டுக் கேட்கவும் அஞ்சி மனத்துக்குள்ளேயே புதைத்துக்கொள்கிறாள். கடவுள் இருக்கிறாரா? இருந்தால் ஏன் பேசாமல் இருக்கிறார்? என்பதுதான் அந்தக் கேள்வி.

இப்படிக் கேட்பதே பாவம் என்று எண்ணி, கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. விசுவாசம் உள்ளவனுக்கு ஐயமே வராது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது சரியல்ல என்பதற்கு நமக்கு மிக அருகில், நம் தென்பாண்டிச் சீமையின் மண்ணை மிதித்து நடந்த ஒருவரின் வாழ்க்கையே சான்று. அவர்தாம் மறைசாட்சி புனித தேவசகாயம். அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்தது. அவர் உயிர்விட்ட ஆரல்வாய்மொழி, நெல்லையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் வாசல். ஆகவே அவரை நம் அடுத்த வீட்டார் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அரண்மனைப் பணியாளர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய திருவிதாங்கூர் நாட்டில் அடங்கியிருந்த நட்டாலம் என்ற ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். தாய்வழி உரிமை நிலவிய நாயர் குடும்பத்தில் வளர்ந்த நீலகண்டன், தம் முன்னோரின் சமய ஒழுக்கத்திலும் கல்வியிலும் குறைவின்றி வளர்க்கப்பட்டார்.

அந்நாளில் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. 1729 முதல் 1758 வரை ஆட்சி புரிந்து, சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றுசேர்த்துப் பெருநாடாக்கிய வலிமை மிக்க மன்னர் அவர். பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்டனுக்கு வேலை கிடைத்தது. அங்குள்ள நீலகண்டசாமி கோயிலிலும் அவர் பொறுப்பு வகித்தார். அரசரின் நம்பிக்கை, ஊரில் மதிப்பு, வீட்டில் செல்வம், மனைவி பார்கவி அம்மாள் என்று அவருக்கு எதுவும் குறைவாக இல்லை. கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே எழாத வாழ்வு அது. நலமாக இருக்கிறபோது யார்தாம் கேட்கிறார்கள்?

குளச்சல் போரும் ஒரு கைதியும்

மிளகு வாணிபத்துக்காக வந்த டச்சுக் கம்பெனியார் திருவிதாங்கூருடன் மோதினார்கள். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் மார்த்தாண்ட வர்மா அவர்களை முறியடித்தார். ஐரோப்பியப் படை ஒன்று நம் நாட்டு மன்னரிடம் தோற்றுச் சரணடைந்தது அக்காலத்தில் எல்லாரையும் வியக்க வைத்த செய்தி.

பிடிபட்டவர்களுள் யுஸ்தாக்கியுஸ் டிலனாய் என்ற அதிகாரியும் ஒருவர். ஆராஸ் நகரில் 1715-இல் பிறந்த அவர் கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா, கைதியாக இருந்தவரையே தம் படைக்குப் பயிற்சி தரும் தளபதியாக்கினார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைச் செப்பனிடும் பணியும் அவர் கைக்கு வந்தது. 1777-இல் அவர் இறந்தபோது அக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். லத்தீன் மொழியிலும் தமிழிலும் பொறித்த அவர் கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

சொந்த நாட்டை இழந்தவர், போரில் தோற்றவர், எந்த மன்னரை எதிர்த்து வந்தாரோ அதே மன்னருக்குப் பணிபுரிய நேர்ந்தவர். அப்படிப்பட்ட டிலனாய்க்கும் அரண்மனைப் பணியாளரான நீலகண்டனுக்கும் நட்பு உண்டாயிற்று. இழப்பு என்றால் என்ன என்று தெரிந்த ஒருவரை, இழக்கப்போகிற ஒருவரின் அருகில் இறைவன் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இழப்பும் கேள்வியும்

நீலகண்டனின் குடும்பத்தைத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. தொழுவத்து மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது என்று அவர் வரலாறு கூறுகிறது. மாடு செத்தால் உழவு போயிற்று. உழவு போனால் மானம் போயிற்று என்பது நம் கிராமத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொருள் போனதைவிட, ஏன் போனது என்ற கேள்வி அவரை அதிகம் வாட்டியது. செய்ய வேண்டிய வழிபாடுகளை எல்லாம் செய்தவர் அவர். எங்கே குறை வைத்தோம்? தெய்வம் ஏன் கைவிட்டது?

இது அவர் கிறிஸ்தவராவதற்கு முன் எழுந்த ஐயம். ஆயினும் துன்பத்தில் கலங்குகிற உள்ளம் எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றே. முகம் வாடியிருந்த நண்பரைக் கண்ட டிலனாய் காரணம் கேட்டார். நீலகண்டன் மனத்தைத் திறந்து சொன்னார்.

அப்போது டிலனாய் என்ன செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் தத்துவ விளக்கம் எதுவும் கூறவில்லை. மதம் மாறினால் மாடு பிழைக்கும் என்று ஆசை காட்டவில்லை. முற்பிறப்புப் பாவம் என்றோ இப்பிறப்புக் குற்றம் என்றோ தீர்ப்பு வழங்கவில்லை. விவிலியத்திலிருந்து ஒரு மனிதரின் கதையைச் சொன்னார். அதுதான் யோபுவின் கதை.

யோபு கேட்டதும் நண்பர்கள் சொன்னதும்

யோபு 7000 ஆடுகளும், 3000 ஒட்டகங்களும், 500 ஏர் மாடுகளும், 500 கழுதைகளும் உடையவராக இருந்தார். ஏழு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் அவருக்கு இருந்தனர். அத்தனையும் ஒரே நாளில் போயின. பின் உடலெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லினால் சொறிந்துகொள்ளும் நிலைக்கு வந்தார்.

இந்தக் கதையை நாம் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். யோபு பொறுமையாக இருந்தார், கடவுள் திரும்பக் கொடுத்தார் என்று முடித்துவிடுகிறோம். நடுவில் நாற்பது அதிகாரங்களுக்கு நெருக்கமாக அந்நூல் என்ன சொல்கிறது? யோபு பேசாமல் இருக்கவில்லை. தான் பிறந்த நாளைச் சபித்தார். கடவுளோடு வழக்காட வேண்டும் என்றார். ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர் என்று முறையிட்டார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை வந்தது. நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்று கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள்.

கடைசியில் கடவுள் பேசினார். துன்பத்திற்கான காரணத்தை அவர் யோபுவுக்கு விளக்கவேயில்லை. படைப்பின் பெருமையைக் காட்டி, தாம் யார் என்பதை உணர்த்தினார், யோபு பணிந்தார். ஆனால் யார்மேல் கோபம் கொண்டார்? முறையிட்ட யோபுமேல் அல்ல. தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல்தான். யோபுவின் முறையீடு உண்மையான மன்றாட்டாக இருந்தது. ஏனென்றால் அது கடவுளை விட்டு விலகிப் போகவில்லை, கடவுளிடமே போயிற்று.

நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது இதுதான். இழந்த மாடுகள் திரும்பி வரும் என்ற உறுதி அல்ல, இழந்த பிறகும் பேசுவதற்கு ஒரு கடவுள் உண்டு என்ற உறுதியே அவருக்குக் கிடைத்தது. ஐயத்தின் வாசல் வழியாகவே அவர் விசுவாசத்திற்குள் நுழைந்தார்.

வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்

அரண்மனை ஊழியர் ஒருவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் ஞானஸ்நானம் பெறுவது அந்நாளில் ஆபத்தாக இருந்தது. ஆகவே டிலனாய் அவரை எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குருவிடம் அனுப்பி வைத்தார். இத்தாலி நாட்டவரான புத்தாரி அடிகள்தாம் அந்தக் குரு. நம் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தார்கள். அவர் வந்தவரை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தப் படியில் ஏறினால் என்ன நேரும் என்பதை எடுத்துச் சொன்னார், மறைக்கல்வி கற்பித்தார், மன உறுதியைச் சோதித்தார்.

அந்தக் குருக்கள் தாங்களே ஆபத்தின் நடுவில் வாழ்ந்தவர்கள். நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் 1714-15 ஆண்டுகளில் வீரமாமுனிவர் மரண தண்டனையிலிருந்து மயிரிழையில் தப்பினார் என்பதை நம் பங்கு மக்களில் பலர் அறிவீர்கள். ஆகவே அடிகள் எச்சரித்தது வெறும் வாய்ச்சொல் அன்று.

1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. உபதேசியார் ஞானப்பிரகாசம் அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார். லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அவருக்குப் பெயரிட்டார்கள். கடவுளே துணை என்பது அதன் பொருள். பின்னர் அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்றுத் தெரேசா என்னும் ஞானப்பூ அம்மாள் ஆனார்.

கடவுளே துணை என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்வின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்தப் பெயருக்கு வைத்த பரீட்சையாகவே அமைந்தது.

நான்கு ஆண்டுக் கிறிஸ்தவ வாழ்வு

தேவசகாயம் குருவாகவில்லை, துறவியாகவில்லை. நம்மைப் போல் குடும்பம் நடத்தி, உத்தியோகம் பார்த்த பொதுநிலையினராகவே இருந்தார். ஆனால் பெற்ற விசுவாசத்தை வாழ்ந்து காட்டினார். சாதி வேற்றுமை பாராட்டாமல் எல்லாரோடும் பழகினார். மனிதர் அனைவரும் சமம் என்று எடுத்துரைத்தார். யார் யாரைத் தொடலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று அளந்து வைத்திருந்த காலம் அது. உயர்குடியில் பிறந்த அரண்மனை ஊழியர் ஒருவர் இப்படி நடந்தது அதிகாரத்தில் இருந்த பலருக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு எதிராகப் புகார்கள் எழுந்தன. அரசாங்க இரகசியங்களை அயலாருக்கு வெளியிட்டார் என்ற இராஜத் துரோகக் குற்றமும் அவர்மேல் சாட்டப்பட்டது. 1749-ஆம் ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். பதவி போயிற்று. பழைய நெறிக்குத் திரும்பினால் விடுதலையும் பதவியும் கிடைக்கும் என்று அவருக்கு ஆசை காட்டப்பட்டதென்றும், அவர் அதற்கு இணங்கவில்லை என்றும் அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன.

மூன்றாண்டு மௌனம்

கைதானவுடன் அவர் கொல்லப்பட்டிருந்தால் ஒருவகையில் எளிதாக இருந்திருக்கும். ஒரு நாளின் வீரம் பலருக்கு வாய்க்கும். ஆனால் அவருடைய சிறைவாசம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்தது. எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின் முதுகில் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் எள்ளி நகையாட வேண்டும் என்பதே நோக்கம். பிரம்படி கொடுத்தார்கள், அடிபட்ட புண்ணில் மிளகாய்த் தூளைத் தேய்த்தார்கள். பத்மநாபபுரத்தின் தெருக்களில் மதிப்போடு நடந்தவர் அதே மக்களின் கண்முன் இப்படி ஆனார்.

அவருக்குத் துணை என்று யார் இருந்தார்கள்? தளபதி டிலனாய் மன்னரின் நம்பிக்கையைக் கடைசிவரை பெற்றிருந்தவர். ஆயினும் நண்பரின் முடிவு மாறவில்லை. குருக்களால் வெளிப்படையாக அருகில் வர முடியவில்லை. வானத்திலிருந்து தூதர் எவரும் இறங்கி வந்து விலங்கை அறுக்கவில்லை. கடவுளே துணை என்ற பெயரைத் தாங்கியவர் துணையற்றவராகக் காட்சியளித்தார். யோபுவின் கதையைக் காதால் கேட்டவர் இப்போது அந்தச் சாம்பல் மேட்டிலேயே உட்கார வைக்கப்பட்டார்.

அன்பர்களே, நம் விசுவாசத்தை அதிகம் அரிப்பது பெரிய துன்பம் அல்ல. நீண்டுகொண்டே போகும் துன்பம்தான். ஒரு மாதக் காய்ச்சலைப் பொறுத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் அருகில் இருக்கும்போதுதான் ஜெபம் வறண்டு போகிறது. முதல் நாள் மனத்திலிருந்து வந்த ஜெபம், ஆயிரமாவது நாள் உதட்டிலிருந்து மட்டுமே வருகிறது. தேவசகாயத்தின் பெருமை, அந்த ஆயிரமாவது நாளிலும் அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதே.

தண்ணீர் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை

இந்தச் சிறைக்காலத்தைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்திகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று புலியூர்க்குறிச்சியைப் பற்றியது. அடிபட்டுத் தாகத்தால் தவித்த தேவசகாயம் அங்கே ஒரு பாறைமேல் விழுந்து இறைவனை மன்றாடித் தம் முழங்கை முட்டால் பாறையை இடிக்க, அதிலிருந்து நீர் சுரந்ததாம். முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்குப் பெயர். இன்றும் மக்கள் அந்தச் சுனையின் நீரைப் பக்தியோடு பருகிச் செல்கிறார்கள்.

இதைக் கேட்கிற நாம் நீர் சுரந்த அற்புதத்தை மட்டும் எண்ணி வியக்கிறோம். அதோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாறையைப் பிளந்து தண்ணீர் தர வல்லவர் கையில் கிடந்த விலங்கைப் பிளக்க வல்லவர் அல்லவா? ஆனால் அவர் பிளக்கவில்லை. அன்றைய தாகத்திற்கு ஒரு கை நீர் தந்தார். மறுநாள் நடப்பதற்கு வலுத் தந்தார். இறைவனின் துணை பல நேரங்களில் இந்த அளவில்தான் வருகிறது. நாம் கடலைக் கேட்கிறோம். அவர் ஒரு கை நீரைத் தருகிறார். கடல் வரவில்லையே என்று ஏங்கி, கையில் இருக்கும் நீரைக் கீழே சிந்திவிடக் கூடாது.

பின்னர் அவரை நாகர்கோவிலுக்கு அருகில் உள்ள பெருவிளைக்குக் கொண்டுபோய், ஒரு வேப்பமரத்தில் விலங்கிட்டுக் கட்டி வைத்தார்கள். வெயிலும் மழையும் பனியும் அவர்மேல் விழுந்தன. ஆயினும் மக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். தங்கள் நோயையும் கவலையையும் சொல்லி, தங்களுக்காக ஜெபிக்கக் கேட்டார்கள். பிள்ளையில்லாத கொலைஞன் ஒருவனுக்கு அவர் ஜெபத்தால் பிள்ளைப்பேறு கிடைத்ததாகவும் சொல்லுவார்கள். தமக்கே விடுதலை கிடைக்காதவர் பிறருக்கு ஆறுதல் தருபவரானார். ஐயத்தின் இருளில் இருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. நம் சொந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத நாட்களிலும் அடுத்தவரின் கண்ணீரைத் துடைக்க நம் கைக்கு வலு இருக்கிறது.

தப்பிப் போய்விடும்படி அன்பர்கள் சிலர் அவரிடம் சொன்னதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் கூறப்படுகிறது. அவரைப் பார்க்கத் திரளும் கூட்டம் பெருகியதால், அதிகாரிகள் அவரை ஆரல்வாய்மொழிக்கு மாற்றினார்கள்.

காற்றாடிமலையில் கடைசி ஜெபம்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நமக்குத் தெரிந்ததே. நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் இருபுறமும் காற்றாலைகள் சுழல்வதை இன்று காணலாம். அங்குள்ள காற்றாடிமலைக்கு 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் இரவில் தேவசகாயத்தைக் கொண்டு சென்றார்கள். சுடுவதற்கு முன் ஜெபிக்கச் சற்று நேரம் கேட்டார், முழந்தாளிட்டு ஜெபித்தார். பின்னர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது நிறையவில்லை. கிறிஸ்தவராக அவர் வாழ்ந்தது ஏழாண்டுக்கும் குறைவே. உயிர் பிரிந்த வேளையில் அம்மலையிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை மணிபோல் ஒலித்தது என்பது மக்கள் மரபு. மணியடிச்சான் பாறை என்று அதை அழைக்கிறார்கள்.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில், பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தன. தேவசகாயத்துக்கு இவ்வுலகில் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கடவுளை நம்புவது வட்டிக்குப் பணம் கொடுப்பது போன்றது அல்ல என்பதை அவருடைய கல்லறை நமக்குப் போதிக்கிறது.

ஞானப்பூ அம்மாள்

மறைசாட்சியின் வரலாற்றைப் பேசுகிறபோது அவருடைய மனைவியை நாம் மறந்துவிடுகிறோம். கணவரின் சொல் கேட்டுப் புதிய விசுவாசத்தை ஏற்றவர் ஞானப்பூ. அதன் விளைவாகக் கணவரை இழந்தார். தம் உற்றார் உறவினரோடு வாழும் வாழ்வையும் இழந்தார். கணவர் இறந்தபின் வடக்கன்குளத்துக்கு வந்து, அங்குள்ள கிறிஸ்தவ மக்களோடு வாழ்ந்து, அங்கேயே இறந்தார். அவருக்கு எருக்கம்பூ மாலையும் இல்லை. துப்பாக்கிக் குண்டும் இல்லை. விடியும்போதெல்லாம் எழுந்து, தனியாக அடுப்பு மூட்டி, கோயிலுக்குப் போய்வந்த விதவையின் வாழ்வே அவருடையது. அவருக்குக் கேள்விகள் எழாமலா இருந்திருக்கும்? ஆயினும் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. நம் பங்கில் இத்தகைய ஞானப்பூக்கள் பலர் உண்டு. அவர்களுடைய பொறுமை எந்த மலரிலும் அச்சாவதில்லை. இறைவனின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

திருச்சபையின் அறிக்கை

மறைசாட்சி இறந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த கொச்சி ஆயர் 1756-இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தைக் குறிப்பிட்டார். ஆயினும் பீடத்தில் ஏற்றும் நாள் விரைவில் வரவில்லை. தலைமுறைகள் மாறின, அரசுகள் மாறின, மக்கள் மட்டும் அந்தக் கல்லறைக்கும் மலைக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் அவரை உரோமையில் புனிதராக அறிவித்தார். இறந்து 270 ஆண்டுகளுக்குப் பின், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. சாதிப் பட்டம் எதுவும் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் பொருத்தமே.

அதே நாளில் அதே பீடத்தில் புனிதரானவர்களுள் சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் ஒருவர். இளமையில் விசுவாசத்தை முற்றிலும் இழந்து பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். கடவுள் இருக்கிறாரா என்றே தெரியாத நிலையில், இருந்தால் தம்மை எனக்குக் காட்டட்டும் என்ற பொருளில் மன்றாடி, 1886-இல் மனந்திரும்பினார். பின் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஏழைகளோடு வாழ்ந்து 1916-இல் கொல்லப்பட்டார். குழந்தை தெரேசம்மாள் 1897-இல் இறப்பதற்குமுன் பல மாதங்கள் விசுவாச இருளில் தவித்ததையும், கல்கத்தா அன்னை தெரேசா நெடுங்காலம் கடவுளின் அண்மையை உணராமலே ஏழைகளுக்குப் பணி செய்ததையும் இன்று உலகம் அறியும். மயிலாப்பூரில் உயிர்விட்ட நம் திருத்தூதர் தோமையாரோ ஐயத்துக்கே பெயர்போனவர். ஐயம் கொண்ட நாட்களிலும் அவர் மற்றச் சீடர்களை விட்டுப் பிரிந்து போகவில்லை. அதனால்தான் ஆண்டவர் மறுபடி வந்தபோது அவர் அங்கே இருந்தார்.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த பங்கு மக்களே! இந்த வாழ்வு நமக்குக் கற்றுத் தருவது இதுதான். நம்பிக்கை என்பது எல்லாக் கேள்விகளுக்கும் விடை தெரிந்திருப்பது அல்ல. விடை வராத நேரத்திலும் கேள்வியைக் கடவுளிடமே கொண்டு போவதுதான் நம்பிக்கை. ஆகவே, கலக்கம் வந்தால் அதை மறைத்து வைக்காதீர்கள். ஜெபத்தில் கடவுளிடமே முறையிடுங்கள்; யோபு முறையிட்டார். உங்கள் டிலனாயைத் தேடுங்கள். குருவாக இருக்கலாம், அன்பியத்து நண்பராக இருக்கலாம், வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம். மனம் ஒட்டாத நாளிலும் ஞாயிறு திருப்பலியை விடாதீர்கள். உங்களால் ஜெபிக்க முடியாதபோது பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவரின் ஜெபம் உங்களையும் தாங்கும். பங்கு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் யோபுவின் நண்பர்கள் செய்த பிழையைச் செய்ய வேண்டாம். இது கடவுளின் சித்தம், உன் பாவத்தின் விளைவு என்றெல்லாம் விளக்கம் கூறி, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வேண்டாம். ஏழு நாள் மௌனமாக உடன் உட்கார்ந்திருந்தார்களே, அதைச் செய்யுங்கள். ஒரு வேளை உணவு கொண்டு போய்க் கொடுங்கள். அதுவே அந்த வீட்டாருக்கு அன்றைய ஒரு கை நீர்.

நம் ஊரில் நாம் சிறு மந்தை. பிற சமயச் சகோதரர்களோடு ஒரே தெருவில், ஒரே சந்தையில் வாழ்கிறோம். தேவசகாயம் யாரையும் வெறுத்ததாக வரலாறு இல்லை. தம்மைக் காவல் காத்தவர்களுக்காகவும் ஜெபித்தவர் என்றே அவரை மக்கள் நினைவுகூர்கிறார்கள். அந்த அன்பே நம் சாட்சியமாக இருக்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 14-ஆம் நாள் அவருடைய திருநாள். நம் நாட்டில் பொங்கல் பானை பொங்குகிற நாட்களை ஒட்டி அது வருகிறது. புதுப்பானையில் அரிசியிடும்போது, விளைச்சல் நிறைந்த ஆண்டானாலும் பொய்த்த ஆண்டானாலும், அந்தப் புனிதரின் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். தேவசகாயம்: கடவுளே துணை. உணர்ந்து சொல்ல முடிந்தால் நன்று. உணர்வு வராத ஆண்டில் நம்பிச் சொல்லுங்கள், அதுவும் ஜெபமே.

புனித தேவசகாயமே, கலங்கி நிற்கும் எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஜூபிலி கொண்டாடும் எங்கள் பங்கைக் கடைசிவரை விசுவாசத்தில் நிலைக்கச் செய்ய இறைவனை மன்றாடும். ஆமென்.

இறையன்பில் உங்கள்
பங்குத் தந்தை,
சங்கரன்கோவில்